சிவப்பு மையில் ஒரு ரைட்டு

நோட்டில் ஒரு ரைட்டு போட எனக்கு ஒரு நொடி போதும். இருபத்திரண்டு வருடமாகப் போட்டுப் பழகிய கை. கணக்கைப் படிக்கவே வேண்டாம், விடையின் முகத்தைப் பார்த்தாலே போட்டுவிடும். "நாப்பது நோட்டைக் கால் மணி நேரத்துல முடிச்சிட்டீங்களே" என்று தலைமையாசிரியர் ஒருமுறை மெச்சினார். அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். "அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்றார் என் வீட்டுக்காரர். குக்கர் விசில் அடித்தாலும் அதையே சொல்லுகிற மனிதர் என்பதால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போகும் சாலையில், ஏற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் பதினாறு பிள்ளைகள். பாதிப் பேருடைய அம்மாக்கள் விடிவதற்கு முன்பே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மேலே ஏலக்காய் எடுக்கப் போய்விடுவார்கள். சில குடும்பங்கள் கேரளப் பக்கத்து எஸ்டேட்டிலேயே, வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் தங்கிவிடும். நான் சொல்லப்போகிற பெண் அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை. வாரம் முழுக்கக் கீழே அத்தை வீட்டில் இருந்து படிப்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்சேறி மேலே அம்மாவிடம் போவாள். திங்கள் காலை முதல் பஸ்சில் இறங்கி நேரே வகுப்புக்கு வருவாள்.

அந்த ஆனி மாதம் அவளுக்கு ஒரு தங்கச்சி பிறந்தாள். கீழே ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். பிறந்த எடை இரண்டு கிலோ இருநூறு கிராம். எடை குறைவு, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அத்தை வீட்டில் இருப்பதே ஒரு அறை. அதனால் தாயும் பச்சைக் குழந்தையும் மேலேயே போய்விட்டார்கள். எங்கள் ஊர் நர்ஸம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எல்லை தாண்டிப் போய் அவரால் பார்க்க முடியாது. அதனால் வாரம் ஒருமுறை குழந்தையை எடை போட்டு, ஒரு சீட்டில் எழுதி, பள்ளிக்கூடம் வரும் இந்தப் பெண்ணிடம் கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தார். நர்ஸம்மாவின் சுகாதார நிலையம் எங்கள் பள்ளிக்கு எதிரிலேயே இருந்தது வசதியாகப் போயிற்று.

மேலே குழந்தையை எடை போட ஒரே ஒரு தராசுதான் உண்டு. காய் உலர்த்தும் ஸ்டோரில், பச்சைக் காய் எடை போடும் எலெக்ட்ரானிக் தராசு. அதில் எண் தெரியும் பக்கம் எப்போதும் சூப்பர்வைசரைப் பார்த்தபடி இருக்கும். காய் எடுத்தவர்கள் எதிர்ப்பக்கம் வரிசையில் நிற்பார்கள். அவர் எண்ணைப் பார்த்து, "ஒம்போது எழுநூறு", "பதினொண்ணு அம்பது" என்று கூவுவார். அங்கே எடை என்பது காதால் கேட்கிற சங்கதி. கண்ணால் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் வந்த முதல் சீட்டில், "பாப்பா எடை 2 கிலோ 150 கிராம்" என்று இருந்தது. பிறந்த குழந்தை முதலில் கொஞ்சம் இறங்கித்தான் ஏறும், பார்ப்போம் என்றார் நர்ஸம்மா. அடுத்த வாரம் மழையில் பாதையில் மரம் விழுந்து இவளால் மேலே போக முடியவில்லை. அந்த வாரம்தான் நான் வகுப்பில் தசமம் தொடங்கினேன். "இனிமே கிலோ தனி, கிராம் தனின்னு எழுதுனா ரைட்டு கிடையாது. புள்ளி வச்சு எழுதணும். அஞ்சாப்பு வந்தாச்சு, இன்னும் என்ன சின்னப் பிள்ளையாட்டம்?" என்று மிரட்டியும் வைத்தேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை பிரேயருக்கு மணி அடிக்கும் நேரம். இவள் காலண்டரில் கிழித்த ஒரு தாளோடு என் மேஜைக்கு வந்தாள்.

"டீச்சர், நர்ஸம்மாட்டக் குடுக்கணும். நீங்க சொன்ன மாதிரி புள்ளி வச்சு எழுதியிருக்கேன். சரியான்னு பாருங்க."

"எவ்வளவு பாப்பா?"

"ரெண்டு அம்பது டீச்சர்."

தாளில் 2.50 என்று அழகாக எழுதியிருந்தாள். காதில் விழுந்ததும் கண்ணில் பட்டதும் ஒன்றாகவே இருந்தது. சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு ரைட்டு போட்டேன். போடும்போதே, "பாப்பா என்ன பண்றா?" என்று கேட்டேன்.

"அழவே மாட்டா டீச்சர். எந்நேரமும் தூக்கம்தான். ரொம்ப சமத்துன்னு அம்மா சொல்லுது."

"அப்ப உன்னை மாதிரி இல்ல" என்று நான் சிரித்தேன். அவளும் சிரித்துக்கொண்டே எதிர்ச்சாரிக்கு ஓடினாள்.

நர்ஸம்மா சீட்டைப் பார்த்து மனக்கணக்குப் போட்டிருக்கிறார். பதினான்கு நாளில் முந்நூற்றைம்பது கிராம். நாளுக்கு இருபத்தைந்து. புத்தகத்தில் போட்டிருக்கிற அளவு அப்படியே வந்திருக்கிறது. சந்தோஷமாகச் சீட்டைத் தாய் சேய் அட்டையில் பின் அடித்து இவளிடமே கொடுத்து, "இனி வாரா வாரம் வேணாம்டா, நாப்பத்தஞ்சாம் நாள் ஊசிக்குத் தூக்கிட்டு வந்தாப் போதும்னு அம்மாட்டச் சொல்லு" என்று அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை நான் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தராசை இரவல் வாங்கி, ஸ்கூட்டரில் கால் இடுக்கில் வைத்துக் கொண்டுபோனேன். பிள்ளைகளுக்கு இடமதிப்பு ஏறவில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று கரும்பலகையில் சொல்லச் சொல்ல அவர்கள் தலையாட்டிய வேகமே சரியில்லை. ஐம்பது கிராம் ஏலக்காய்ப் பொட்டலம் ஒன்றைத் தட்டில் வைத்தேன். எண் தெரியும் இடத்தை நோட்டால் மறைத்துக்கொண்டேன்.

"இது அம்பது கிராம். கிலோவுல எழுதுங்க, புள்ளி வச்சு."

பதினாறு சிலேட்டும் உயர்ந்தன. பதினாறிலும் 0.50. ஒருத்தர்கூட விலகவில்லை. நான் நோட்டை எடுத்தேன். தராசில் 0.050.

"தராசு தப்பு டீச்சர்" என்று பின்வரிசை கத்தியது. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. இன்னும் ஒன்பது பொட்டலங்களை ஒவ்வொன்றாக அடுக்கினேன். இரண்டாவது வைத்ததும் 0.100 ஆயிற்று. பத்தும் ஏறியபோதுதான் 0.500 வந்தது. "இப்பச் சொல்லுங்க. நீங்க எழுதுன புள்ளி அஞ்சு பூஜ்யம் ஒரு பொட்டலமா, பத்துப் பொட்டலமா?"

பிள்ளைகள் தங்கள் சிலேட்டைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிப் பிடிக்கலாம் என்று பஸ் உதாரணத்துக்குப் போனேன். புள்ளிக்கு அப்புறம் மூன்று சீட். முதல் சீட் நூறு கிராம் உட்காருவது, இரண்டாவது பத்து கிராம், மூன்றாவது ஒரு கிராம். ஐம்பது கிராமில் நூறு இல்லை, முதல் சீட்டுக்கு ஆள் வரவில்லை. ஆள் வரவில்லை என்று இரண்டாவது சீட்டுக்காரர் நகர்ந்து முதல் சீட்டில் உட்காரலாமா?

"துண்டு போட்டு எடம் புடிச்சிருந்தா உக்காரக் கூடாது டீச்சர்."

"அதுதான்டா பூஜ்யம். ஆள் இல்லாத சீட்டுல போட்டு வைக்கிற துண்டு. துண்டை எடுத்துட்டா எல்லாரும் தப்பு சீட்ல உக்காந்துருவாங்க."

இதைச் சொல்லிவிட்டு நான் என்னையே மெச்சிக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு வருடத்தில் தசமத்தை இவ்வளவு நன்றாக நான் சொன்னதில்லை. பிள்ளைகள் அழித்துத் திருத்தத் தொடங்கினார்கள். மூன்றாவது வரிசையில் இவள் மட்டும் சிலேட்டில் கை வைக்கவில்லை. அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"என்னடி?"

"டீச்சர், பாப்பாவுக்கு நான் துண்டு போடல."

எனக்குப் புரியவில்லை. அவள் எழுந்து வந்து கரும்பலகையில் 2.50 என்று எழுதினாள். பக்கத்தில் 2.050 என்று எழுதினாள். இரண்டாவதைத் தொட்டுக் காட்டினாள்.

"சூப்பர்வைசர் சொன்னது ரெண்டு கிலோ அம்பது கிராம் டீச்சர். ஐநூறு இல்ல."

நான் நல்லவள் மாதிரி எழுதிவிடலாம். ஆனால் அந்த நிமிடம் என் மனதில் முதலில் வந்தது குழந்தை இல்லை. அந்தச் சீட்டில் இருக்கும் சிவப்பு ரைட்டுதான் வந்தது.

சுகாதார நிலையம் பூட்டிக் கிடந்தது. நர்ஸம்மா தேனியில் கூட்டத்தில் இருந்தார். நான்காவது முறை போன் அடித்தபோது எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் நாளை எண்ணினார்.

"இன்னிக்கு இருபத்தெட்டு நாள் ஆச்சு டீச்சர். பொறந்த எடையே வரல, அதுக்கும் கீழ இறங்கியிருக்கு. பால் குடிக்குதாமா? அழுவுதா?"

"அழாதாம். எந்நேரமும் தூங்குதாம்."

"ஐயோ. உடனே கீழ கொண்டு வரணும் டீச்சர். நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டு அங்கயே வந்துர்றேன். போற வழியில எடையையும் ஒருக்காப் பாத்துருங்க, டாக்டர் கேப்பாங்க." பிறகு, குற்றம் சொல்லும் குரலில் இல்லாமல் சாதாரணமாகச் சொன்னார்: "உங்க ரைட்டு இருந்துச்சா, அதான் நான் மறுபடி கேக்காம விட்டுட்டேன்."

அவளுடைய அப்பாவின் போன் எல்லைக்கு வெளியே இருப்பதாக மூன்று மொழிகளில் சொன்னது. லயத்தில் சிக்னல் கிடைப்பதே அபூர்வம். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. லயத்துக்கு வழி காட்ட இவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார் தலைமையாசிரியர். வந்து எழுதுகிறேன் சார் என்று நான் கத்தியது பக்கத்து வகுப்புவரை கேட்டிருக்கும். சாலையில் உர மூட்டை லோடோடு ஏறிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பை நடுவில் போய் நின்று மறித்தேன்.

"என்னா டீச்சர், சாகத் துணிஞ்சிட்டீங்களா?" என்றார் டிரைவர். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "ஏறுங்க, ஏறுங்க. ஆத்தா, நீ நடுவுல உக்காரு. வெரசாப் போயிரலாம்."

வெரசாகப் போகிற பாதையா அது? ஒவ்வொரு வளைவிலும் எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்க வேண்டும். லோடு ஜீப்பு முதல் கியரிலேயே முனகியது. வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை வரும். இவள் ஒவ்வொன்றையும் வாய்க்குள் வாசித்துக்கொண்டே வந்தாள். ஆறாவதோ ஏழாவதோ வளைவில் வாசிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒரு பூஜ்யத்தை விட்டா பாப்பா செத்துப் போயிருமா டீச்சர்?"

"வாயை மூடிட்டு வா" என்றேன். பயத்தில் எனக்கு வருவது கோபம் மட்டும்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். டிரைவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

அவள் மடியில் புத்தகப்பை இருந்தது. பைக்குள் அட்டை, அட்டையில் அந்தச் சீட்டு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, எனக்குக் குறுகுறுத்தது நெஞ்சு மட்டுமில்லை, கையும்தான். அட்டையைக் கொடு பார்க்கலாம் என்று வாங்கி, பின்னைக் கழற்றி, ஜன்னல் வழியாக விட்டால் போயிற்று. சீட்டு போனால் மிச்சம் இருப்பது ஒரு பத்து வயதுப் பிள்ளையின் தப்பு. நர்ஸம்மாவும் பெரிதுபடுத்த மாட்டார். இதை நான் நினைக்க மட்டும் செய்யவில்லை. "அட்டையக் கொண்டா" என்று கேட்டு வாங்கியும் விட்டேன். சீட்டில் ரைட்டு நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. பார்த்துவிட்டு அட்டையை மூடி என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். கிழிக்கவில்லை. மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பக்கத்தில் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் ஒரு காரணம்.

மெட்டில் மேகம் இறங்கிப் பத்தடிக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. செக்போஸ்ட் தாண்டி, தார் ரோட்டை விட்டு, ஏலச்செடிகளுக்கு நடுவே சேற்றுப் பாதையில் உருண்டு லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. நாலாவது வீட்டு வாசலில் அவள் அம்மா துணி பிழிந்துகொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். என்ன, இம்புட்டுத் தூரம்? இவ என்ன செஞ்சா?"

"பாப்பாவைப் பாக்கணும்."

தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டோம், காலைச் சுண்டினோம். கண்ணைத் திறந்து எங்கேயோ பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. உதடு காய்ந்திருந்தது. கையைத் தூக்கிவிட்டால் அது பாட்டுக்குக் கீழே விழுந்தது. என் இரண்டு பிள்ளைகளையும் அந்த வயதில் தூங்கவைக்க நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. கடைசியாக எப்போது பால் குடித்தாள் என்று கேட்டேன். விடியற்காலையில் கொஞ்சம் என்றார். எழுப்பினால் எழுந்திருக்க மாட்டேனென்கிறாள், நர்ஸம்மா நல்லா இருக்குன்னு சொன்னதா இவ அத்தை நேத்து ஜீப்புல வந்தவங்ககிட்டச் சொல்லிவிட்டாங்களே என்றார்.

"எடை தப்பும்மா. ஏறல, இறங்கியிருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஜீப் நிக்கிது."

"தப்பா? சீட்டு எழுதுனது இவதான?" அவர் மகளைப் பார்த்துத் திரும்பினார். அவள் பின்வாங்கவில்லை. என்னையும் காட்டவில்லை. டீச்சர் ரைட்டு போட்டாங்க என்று சொல்ல அவளுக்கு முழு உரிமை இருந்தது. அவள் சொல்லவில்லை. நான் பேச வாயெடுத்தேன், ஒரு மூச்சு தயங்கினேன். அந்த ஒரு மூச்சுக்குள் அறை விழுந்துவிட்டது. ஈரக்கை, சத்தம் பெரிதாகக் கேட்டது.

"அடிக்காதீங்க! தப்பு என்னோடது" என்று அட்டையைத் திறந்து சீட்டைக் காட்டினேன். "எங்கிட்டக் காட்டித்தான் கொண்டுபோனா. நான்தான் பாக்காம ரைட்டு போட்டேன். இந்தா பாருங்க, என் சிவப்புப் பேனா ரைட்டு."

அந்தத் தாய் சீட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி ஜீப்புக்கு நடந்தார். மகளின் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

வழியில் ஸ்டோரில் நிறுத்தினோம். குழந்தையைத் தட்டில் கிடத்தினதும் சூப்பர்வைசர் வழக்கப்படி தன் பக்கம் பார்த்துக் கூவினார்: "ரெண்டு பத்து!"

நான் தராசை இழுத்து அவள் பக்கம் திருப்பினேன். "டீச்சரே, பதுக்கே!" என்று மெதுவாகத் திருப்பச் சொல்லி அவர் மலையாளத்தில் பதறினார். சிவப்பு எண்கள் எரிந்தன. அவள் எட்டிப் பார்த்து, ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணி, உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். 2.010. மூன்று நாளில் இன்னும் நாற்பது கிராம் போயிருந்தது.

இறங்கும்போது ஜீப்பில் பாரம் இல்லை. டிரைவர் உர மூட்டைகளை ஸ்டோர் வாசலிலேயே தள்ளிவிட்டு வந்திருந்தார். தாயின் மூக்கருகே குழந்தையின் முகம் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வருகிறதா என்று அவர் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸம்மா நின்றார். டாக்டர் எடை கேட்டபோது பெரியவர்கள் நாங்கள் வாய் திறப்பதற்குள் அவள் உள்ளங்கையை நீட்டிக் காட்டினாள்.

ரத்தத்தில் கிருமி என்றார்கள். மூக்கில் குழாய் வைத்துத் தாய்ப்பாலைச் சொட்டுச் சொட்டாக உள்ளே அனுப்பினார்கள். நான் தினமும் பள்ளிவிட்டுப் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அந்த அம்மா முதல் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. அது சரிதான் என்றே எனக்குப் பட்டது. ஒன்பதாம் நாள் முதல் பாடவேளையில் போன் வந்தது. எடுத்தால் பேச்சு இல்லை, வீல் என்று ஓர் அழுகை. நிற்காமல் அழுதது. பிறகு அவர் குரல்: "கேட்டீகளா டீச்சர்? கத்துறா." பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது என்று எனக்கு ஒரு கொள்கை உண்டு. அன்று அது போயிற்று.

இப்போது குழந்தை நன்றாக இருக்கிறாள். அக்காவைவிட வாயாடி ஆவாள் போலிருக்கிறது. எழுபத்தைந்தாம் நாள் இரண்டாவது ஊசிக்கு வந்த அன்று நர்ஸம்மா போட்ட எடையைப் பெரியவள் தன் நோட்டில் எழுதி என்னிடம் கொண்டுவந்தாள். 3.070. நெஞ்சு நிறைந்து போயிற்று. கை தன் பழக்கத்துக்குச் சிவப்புப் பேனாவைத் திறந்தது. அவள் சட்டென்று நோட்டின் மேல் தன் கையை வைத்து மறைத்தாள்.

"மொதல்ல வாசிங்க டீச்சர். அப்புறம் ரைட்டு போடுங்க."

வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பேனாவை மூடினேன். "மூணு கிலோ, எழுபது கிராம்" என்று சத்தமாக வாசித்தேன். அவள் கையை எடுத்தாள்.